ஆள் எப்படி? பிரிட்டன் கட்டுமானத் துறையின் 3,213 அட்டைகள்

கட்டட வேலைக்குப் புதிதாக ஒருவர் வந்து நின்றால் இரண்டு கேள்விகள் எழும். வேலை தெரியுமா? ஆள் எப்படி? முதல் கேள்விக்கு மதியச் சாப்பாட்டுக்குள் பதில் கிடைத்துவிடும். கொத்தனார் என்று சொல்லிக்கொண்டு வந்தவர் கரணையை எப்படிப் பிடிக்கிறார், நூல் கட்டித் தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கிறாரா, இல்லை கண் மட்டத்திலேயே நாலு வரி ஏற்றிவிடுகிறாரா என்பதைப் பக்கத்தில் நிற்கும் சித்தாளே சொல்லிவிடுவார். இரண்டாவது கேள்விக்குத்தான் போன் போடுகிறார்கள். முன்பு வேலை பார்த்த சைட்டுக்கு, அங்கே தெரிந்த மேஸ்திரிக்கு, டைம் ஆபீஸுக்கு.

அந்த போனை எடுக்கும் இடத்தில் நான் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். டைம் ஆபீஸ் என்றால் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஒரு மேசை, மஸ்டர் ரோல் என்கிற வருகைப் பதிவேடு, கேட் பாஸ் கட்டு, ஆதார் நகல்கள் திணித்த பாக்ஸ் ஃபைல், தூசி படிந்த கம்ப்யூட்டர். ஆள் வந்த நேரம், போன நேரம், ஓ.டி., அட்வான்ஸ், பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. எண் எல்லாம் அங்கே பதிவாகும். 'ஆள் எப்படி' என்பதற்கு மட்டும் எந்தப் பதிவேட்டிலும் கட்டம் கிடையாது. கட்டம் இல்லை என்பதால் அந்தத் தகவலே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அது வேறெங்கோ இருக்கும்.

பிரிட்டனில் அது ஒரு சின்ன ஊரின் மாடி அறையில் இருந்தது. கட்டுமானத் துறையில் ஆட்களைப் பற்றிய தகவலை எப்படி வைத்துக்கொள்வது என்று யாராவது கேட்டால், நான் முதலில் இந்தக் கதையைத்தான் சொல்வேன். எப்படி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட முழுமையான ஆவணம் எனக்குத் தெரிந்து இல்லை.

டிராய்ட்விச் மாடி அறை

2009 பிப்ரவரி 23. இங்கிலாந்தின் வொர்செஸ்டர்ஷயரில் டிராய்ட்விச் என்ற ஊர். தனிநபர் தகவல் பாதுகாப்பைக் கவனிக்கும் தகவல் ஆணையர் அலுவலகத்தின் அதிகாரிகள் வாரண்டோடு ஒரு மாடிப்படி ஏறினார்கள். விசாரணைக்குத் தலைமை டேவிட் கிளான்சி. உள்ளே நடந்துகொண்டிருந்த அமைப்பின் பெயர் 'தி கன்சல்டிங் அசோசியேஷன்'. ஆலோசனைச் சங்கம் என்று பெயர் வைத்திருந்தாலும் அங்கே யாரும் யாருக்கும் ஆலோசனை சொன்னதாகத் தெரியவில்லை. அதை நடத்தியவர் இயன் கெர், அறுபதைத் தாண்டிய மனிதர்.

அங்கே கிடைத்தது ஒரு அட்டைப் பெட்டகம். பழைய நூலகங்களில் இழுப்பறைக்குள் அகர வரிசையில் அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. மொத்தம் 3,213 பேர். எல்லோரும் கட்டுமானத் தொழிலோடு சம்பந்தப்பட்டவர்கள்: மின்பணியாளர், தச்சர், சாரம் கட்டுபவர், செங்கல் அடுக்குபவர், பொறியாளர்.

ஒரு அட்டையைக் கையில் எடுத்தால் மேலே பெயர், பிறந்த தேதி, தேசியக் காப்பீட்டு எண், செய்யும் தொழில். அதுவரை நம் மஸ்டர் ரோலில் இருப்பதுதான். கீழே வரவர வேறு மாதிரி. தேதி போட்டு ஒவ்வொரு வரியாக எழுதியிருக்கும். எந்தச் சங்கம், எந்த சைட்டில் என்ன பேசினார், எந்தக் கூட்டத்தில் இருந்தார். தகவல் தந்த நிறுவனத்தின் பெயர் இருக்காது. அதற்கு ஒரு எண் மட்டும். தகவல் ஆணையர் பின்னர் வெளியிட்ட சில வரிகளை நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: 'முன்னாள் ஷாப் ஸ்டூவர்ட், கண்டிப்பாகப் பிரச்சினை.' 'அயர்லாந்துக்காரர், ராணுவத்தில் இருந்தவர், மோசமான ஆள்.' 'சோம்பேறி, கலகம் மூட்டுபவர்.' 'கம்யூனிஸ்ட் கட்சி.' 'தொடவே தொடாதீர்கள்.'

ஷாப் ஸ்டூவர்ட் என்பவர் வேலையிடத்தில் சங்கத்தின் பிரதிநிதியாகத் தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த ஆள். அந்த நாட்டில் சட்டப்படியான பொறுப்பு அது. அட்டையில் அது குற்றமாக ஏறியிருந்தது.

சோம்பேறி என்று யார் சொன்னது? எதை வைத்து? எந்த நாளில் எத்தனை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்? அட்டையில் இதற்கெல்லாம் பதில் இல்லை. ஒரு எண் சொன்னது, இன்னொரு எண் கேட்டது, அவ்வளவுதான்.

இயந்திரம் ஓடிய விதம்

கணக்கு எளிமையானது. உறுப்பினராகச் சேர்ந்த கட்டுமான நிறுவனம் ஆண்டுக்கு 3,000 பவுண்டு சந்தா கட்டும். புது சைட்டுக்கு ஆள் எடுக்கும்போது விண்ணப்பித்தவர்களின் பெயர்களை போனிலோ ஃபேக்ஸிலோ டிராய்ட்விச்சுக்கு அனுப்பும். கெரும் அவருடைய ஊழியர்களும் பெட்டகத்தில் தேடிப் பார்ப்பார்கள். அட்டை இல்லையென்றால் பிரச்சினை இல்லை என்று பதில். இருந்தால் அதில் உள்ளதைப் படித்துக்காட்டுவார்கள். ஒரு பெயருக்குக் கட்டணம் 2 பவுண்டு 20 பென்ஸ். அன்றைக்கு நம் பணத்தில் 150, 160 ரூபாய். அந்தக் காசுக்கு ஒரு மனிதரின் அடுத்த ஆறு மாதச் சாப்பாடு முடிவானது.

தகவல் வந்ததும் அதே வழியில்தான். உறுப்பினர் நிறுவனங்களின் மனிதவளப் பிரிவில் இருந்த பெரிய அதிகாரிகள்தான் இதற்கான தொடர்பாளர்கள். சைட் மேனேஜர் ஏதோ சொல்வார், அது தலைமை அலுவலகத்துக்குப் போகும், அங்கிருந்து டிராய்ட்விச்சுக்கு. அதற்கு மேல் கெர் தானே இடதுசாரிப் பத்திரிகைகளைப் படித்து, போராட்டச் செய்திகளில் வந்த பெயர்களைக் குறித்துக்கொள்வார். இப்போதைய உறுப்பினர், பழைய உறுப்பினர் என்று பெயர் அடிபட்ட நிறுவனங்கள் 44. சர் ராபர்ட் மெக்கால்பைன், பால்ஃபோர் பீட்டி, ஸ்கான்ஸ்கா, கரிலியன், கியர், காஸ்டெய்ன், லெய்ங் ஓ'ரூர்க், வின்சி என்று அன்றைக்கு பிரிட்டனில் எங்கே கிரேன் நின்றாலும் அதன் மேல் எழுதியிருந்த பெயர்கள்.

இந்த வியாபாரம் 2009-இல் முளைத்தது அல்ல. முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919-இல், தொழிற்சங்கங்களையும் இடதுசாரிகளையும் கண்டு பயந்த முதலாளிகள் சேர்ந்து தொடங்கிய அமைப்புதான் பிறகு 'எகனாமிக் லீக்' ஆனது. எல்லாத் தொழில்களுக்கும் சேர்த்துப் பெயர்ப் பட்டியல் வைத்திருந்தது. எண்பதுகளின் கடைசியில் பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் தோண்டியெடுத்ததில் பெயர் கெட்டு, 1993-இல் மூடப்பட்டது. அந்த லீக்குக்குள் கட்டுமான நிறுவனங்களுக்கென்று தனிப் பிரிவு ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கெர். லீக் மூடியதும் அந்தப் பிரிவின் கோப்புகள் அப்படியே கன்சல்டிங் அசோசியேஷனுக்கு வந்தன. தொடங்குவதற்கான 10,000 பவுண்டைக் கொடுத்தது மெக்கால்பைன் நிறுவனம் என்று கெர் பிறகு பாராளுமன்றக் குழுவிடம் சொன்னார். கடை பெயர் மாறியது, சரக்கு மாறவில்லை. அதனால்தான் சில அட்டைகளில் எழுபதுகளின் தேதியெல்லாம் இருந்தது.

ஏன் கட்டுமானத்தில் மட்டும் இது இவ்வளவு காலம் ஓடியது? ஃபாக்டரியில் வேலை செய்பவரைப் பிடிக்கவில்லை என்றால் அவரை வேலையை விட்டுத் தூக்க வேண்டும். தூக்கினால் நோட்டீஸ், விசாரணை, தீர்ப்பாயம், வக்கீல். கட்டடத்தில் அந்தத் தொல்லை கிடையாது. கட்டடம் எழும்பியதும் வேலை முடிந்தது. ஆள் அடுத்த சைட்டுக்குப் போய் நிற்க வேண்டும். ஒருவர் தன் வாழ்நாளில் ஐம்பது தடவை வேலைக்குச் சேர்கிறார் என்றால், ஐம்பது தடவையும் கேட்டில் நிற்கிறார் என்று பொருள். அவரை யாரும் நீக்கவே தேவையில்லை, கேட்டைத் திறக்காமல் இருந்தால் போதும். 'இப்போதைக்கு ஆள் தேவையில்லை' என்று சொல்லிவிடலாம். அதற்கு மேல் எந்த நீதிமன்றத்தில் போய் என்ன நிரூபிப்பது? முதன்மை ஒப்பந்ததாரர், அவருக்குக் கீழே துணை ஒப்பந்ததாரர், அதற்கும் கீழே ஆள் சப்ளை செய்யும் ஏஜென்சி என்று அடுக்கு இருக்கும்போது, வேண்டாம் என்று சொன்னது யார் என்பதே தெரியாது. நம் ஊரிலும் இந்த அடுக்கு அப்படியேதான் இருக்கிறது. பெயர்கள்தான் வேறு.

இன்னொரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இதே காலகட்டத்தில், 1995-இல், பிரிட்டன் கட்டுமானத் துறை வேறொரு அட்டையை அறிமுகப்படுத்தியது. சுருக்கமாக சி.எஸ்.சி.எஸ். அட்டை என்பார்கள். தொழிலாளியின் போட்டோ, அவர் பெற்ற பயிற்சி, பாதுகாப்புத் தேர்வில் தேறினாரா என்ற விவரம். உதவியாளருக்குப் பச்சை, தேர்ந்த தொழிலாளிக்கு நீலம், மேற்பார்வையாளருக்குத் தங்க நிறம். அதைத் தொழிலாளியே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவார். தவறாக இருந்தால் அவருக்கே தெரியும்; போய்த் திருத்திக்கொள்ளலாம். வேலை தெரியுமா என்ற கேள்விக்கு அவர் பையில் ஒரு அட்டை, ஆள் எப்படி என்ற கேள்விக்கு டிராய்ட்விச்சில் ஒரு அட்டை. முதல் அட்டையைக் காட்டிவிட்டு நிற்பவருக்கு இரண்டாவது இருப்பதே தெரியாது.

காகிதத்துக்குச் சட்டம் இல்லை

இவ்வளவு பெரிய நிறுவனங்கள் ஏன் கம்ப்யூட்டரில் ஏற்றாமல் அட்டையில் எழுதி வைத்திருந்தன என்று எனக்கு முதலில் புரியவில்லை. சட்டத்தின் வரலாற்றைப் பார்த்தால் ஒரு காரணம் தெரிகிறது. பிரிட்டனின் முதல் தகவல் பாதுகாப்புச் சட்டம் 1984-இல் வந்தது. கணினியில் கையாளப்படும் தகவலுக்கு மட்டுமே அது பொருந்தும். இழுப்பறைக்குள் இருக்கும் காகிதம் அதன் கண்ணில் படாது. 1998-இல் வந்த அடுத்த சட்டம்தான், தேடி எடுக்க வசதியாக ஒழுங்குபடுத்திய காகிதக் கோப்புகளையும் உள்ளே கொண்டுவந்தது. அதற்குள் அட்டைப் பெட்டகத்துக்கு வயது பல பத்தாண்டுகள். அதற்குப் பிறகும் அது 2009 வரை ஓடியது.

சங்கங்கள் சும்மா இருந்தன என்று சொல்ல முடியாது. இப்படி ஒரு பட்டியல் இருக்கிறது என்று அவை கத்திக்கொண்டே இருந்தன. 1999-இல் வந்த தொழிலுறவுச் சட்டத்தில் கறுப்புப் பட்டியலைத் தடை செய்ய விதிகள் கொண்டுவர அரசுக்கு அதிகாரம் கொடுக்கப்பட்டது. 2003-இல் விதிகளின் வரைவும் தயாரானது. ஆனால் அப்படிப் பட்டியல் புழங்குவதற்கு ஆதாரம் இல்லை என்று அதைக் கிடப்பில் போட்டார்கள். ரகசியமாக வைத்திருப்பதுதான் பட்டியலின் வேலையே. அதற்கு ஆதாரத்தைக் கொண்டுவா என்றால் யார் கொண்டுவருவது?

கடைசியில் ஆதாரம் உள்ளேயிருந்துதான் வந்தது. ஆலன் வெயின்ரைட் என்பவர் இந்தத் துறையில் மேலாளராக இருந்தவர். பெயர் சரிபார்க்கும் முறை எப்படி நடக்கிறது என்று நேரில் பார்த்தவர். நிறுவனத்தோடு முரண்பட்டு வெளியே வந்த பிறகு தனக்குத் தெரிந்ததைப் பகிரங்கமாகச் சொல்லத் தொடங்கினார். 2008-இல் பத்திரிகையாளர் ஃபில் சேம்பர்லெய்ன் 'கார்டியன்' இதழில் இதைப் பற்றி எழுதினார். அதைப் படித்துத்தான் தகவல் ஆணையர் அலுவலகம் விசாரணையைத் தொடங்கியது. பல பத்தாண்டுகளாகத் தொழிலாளர்கள் சொன்னபோது கேட்காத காது, ஒரு மேலாளர் சொன்னதும் கேட்டது. இதையும் ஒரு தகவலாகக் குறித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஐயாயிரம் பவுண்டு

வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. என்ன குற்றச்சாட்டு? ஆயிரக்கணக்கானவர்களின் பிழைப்பைக் கெடுத்தது என்றா? இல்லை. தகவல் கையாள்பவராகத் தன்னைப் பதிவு செய்துகொள்ளத் தவறியது. லைசன்ஸ் எடுக்காத குற்றம் மாதிரி. கெர் ஒப்புக்கொண்டார். கீழ் நீதிமன்றம் தன்னால் விதிக்க முடிந்த அபராதம் போதாது என்று மேலே அனுப்பியது. 2009 ஜூலையில் நட்ஸ்ஃபோர்ட் கிரவுன் நீதிமன்றம் 5,000 பவுண்டு அபராதம் விதித்தது. அந்தத் தொகையையும் மெக்கால்பைன் நிறுவனம்தான் கொடுத்தது என்று 2012 நவம்பரில் பாராளுமன்றத்தின் ஸ்காட்லாந்து விவகாரக் குழு முன்பு கெர் சொன்னார். அடுத்த சில வாரங்களில் இறந்துபோனார்.

அட்டைகளை வாங்கிப் பயன்படுத்திய 44 நிறுவனங்களில் 14-க்கு இனிமேல் இப்படிச் செய்யக் கூடாது என்று நோட்டீஸ் போனது. தடை விதிகள் 2010 மார்ச்சில் அமலுக்கு வந்தன. அதாவது 2003-இல் ஆதாரம் இல்லை என்று ஓரம் கட்டிய அதே யோசனை.

அதே பாராளுமன்றக் குழு முன்பு கிளான்சி சொன்ன ஒரு விவரம் என் தூக்கத்தைக் கெடுத்தது. அன்று அந்த அறையில் இருந்த காகிதங்களில் ஐந்திலிருந்து பத்து சதவீதம்தான் கைப்பற்றப்பட்டது. வாரண்டின் எல்லை அவ்வளவுதான். மிச்சம் அங்கேயே விடப்பட்டு, பிறகு அழிக்கப்பட்டது. சுற்றுச்சூழல் போராட்டக்காரர்கள் பற்றிய தனிக் கோப்பும் அதில் இருந்தது. ஆகவே 3,213 என்பது கிடைத்த எண்ணிக்கை மட்டும்தான்.

கைப்பற்றிய அட்டைகளை என்ன செய்தார்கள் என்பதும் பாடம்தான். சந்தேகம் உள்ளவர்கள் தகவல் ஆணையருக்கு விண்ணப்பித்தால், பட்டியலில் பெயர் இருந்தால், அட்டையின் நகல் கிடைக்கும். மற்றவர்கள் பெயர்கள் கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருக்கும். தன் பெயர் இருக்குமோ என்று சந்தேகப்பட்டவர்கள்தான் விண்ணப்பிப்பார்கள். ஏன் வேலை கிடைக்கவில்லை என்றே தெரியாமல், தனக்கு நேரம் சரியில்லை என்று நினைத்துத் தொழிலையே மாற்றிக்கொண்டவர் எதற்கு விண்ணப்பிப்பார்?

விண்ணப்பித்தவர்களில் ஒருவர் பொறியாளர் டேவ் ஸ்மித். அவருடைய கோப்பு 36 பக்கம். அவர் சங்கப் பிரதிநிதி. பாதுகாப்புப் பிரதிநிதியாகவும் இருந்தவர். சைட்டில் பாதுகாப்புக் குறைகளை எடுத்துச் சொன்னதெல்லாம் கோப்பில் அவருக்கு எதிராக ஏறியிருந்தது. கரிலியன் நிறுவனத்தின் மீது தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டார். அவருடைய சங்க வேலைக்காகவும் பாதுகாப்பு பற்றிப் பேசியதற்காகவும்தான் தகவல் கொடுக்கப்பட்டது என்பதை எதிர்த்தரப்பே மறுக்கவில்லை. ஆனாலும் தோற்றார். ஏன் தெரியுமா? அவர் ஏஜென்சி மூலம் வேலை பார்த்தவர். ஆகவே சட்டத்தின் கண்ணில் அந்த நிறுவனத்தின் 'ஊழியர்' அல்ல. 2015-இல் மேல்முறையீட்டிலும் அதேதான். முன்னால் சொன்ன அடுக்கு இங்கே வந்து வேலை செய்தது.

பெரிய வழக்கு வேறு வழியில் நகர்ந்தது. அவதூறு, சதி, தனிப்பட்ட தகவலைத் தவறாகப் பயன்படுத்தியது என்ற அடிப்படையில் நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். எட்டு பெரிய நிறுவனங்கள் முதலில் தாங்களாகவே ஒரு இழப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கின, சங்கங்கள் ஏற்கவில்லை. 2016 மே மாதம், விசாரணை தொடங்கும் தறுவாயில், சமரசம் ஏற்பட்டது. 771 பேருக்கு இழப்பீடு. ஆளுக்கு 25,000 பவுண்டு முதல் 2,00,000 பவுண்டு வரை. நீதிமன்றத்தில் பகிரங்க மன்னிப்பு வாசிக்கப்பட்டது. சமரசம் ஆனதால் மனிதவள அதிகாரிகளோ இயக்குநர்களோ கூண்டில் ஏறி ஒரு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பணம் வாங்கியவர்களிலேயே பலருக்கு இது கசப்புதான்.

அதற்குப் பிறகு 2018-இல் லண்டன் மாநகரக் காவல்துறையே ஒன்றை ஒப்புக்கொண்டது: காவல்துறையின் சிறப்புப் பிரிவிலிருந்தும் அந்தப் பட்டியலுக்குத் தகவல் போயிருக்கிறது.

இங்கே நிலைமை தலைகீழ், கொஞ்சம் அதேதான்

நம் ஊரில் யாரைக் கேட்டாலும் தகவலே இல்லை என்பதுதான் புகார். 2020 செப்டம்பரில், ஊரடங்கின்போது ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று நாடாளுமன்றத்தில் கேட்டார்கள். அப்படி விவரம் எதுவும் பராமரிக்கப்படவில்லை என்பது ஒன்றிய அரசின் பதில். கட்டுமானத் தொழிலாளர் சட்டம் 1996-லேயே வந்தாயிற்று. கட்டடச் செலவில் ஒரு சதவீதம் நலவரி. முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 90 நாள் வேலை செய்திருந்தால் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் அந்த 90 நாளைக் காட்டும் தாள் யாரிடம் இருக்கிறது? மேஸ்திரியின் பாக்கெட் நோட்டில். அந்த நோட்டில் 'செல்வம் 6, முருகன் 5½' என்று வாரக் கணக்கு இருக்கும். எந்தச் செல்வம், எந்த ஊர், ஒன்றும் இருக்காது. சனிக்கிழமை கூலி கொடுத்ததும் அந்தப் பக்கத்தின் வேலை முடிந்தது. நலவரியாக 37,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலாகி, சுமார் 9,500 கோடிதான் செலவானது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் வருத்தப்பட்டதற்கு, கொடுக்க வேண்டிய ஆளின் பெயர் பட்டியலில் இல்லாததும் ஒரு காரணம். 2021 ஆகஸ்டில், அமைப்புசாராத் தொழிலாளர்களைப் பதிவு செய்ய இ-ஷ்ரம் தளம் வந்தது. பதிவு செய்பவருக்கு 12 இலக்க எண். அதுவும் உச்ச நீதிமன்றம் கெடு வைத்து விரட்டிய பிறகுதான்.

அதனால் எல்லாவற்றையும் பதிவு செய், டிஜிட்டல் ஆக்கு என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். சொல்ல வேண்டியதுதான். கைரேகை, முகம் பார்க்கும் கருவி, க்யூ.ஆர். பாஸ் எல்லாம் பெரிய சைட்டுகளுக்கு வந்துவிட்டன. ஆள் கணக்கில் ஏமாற்ற முடியாது, விபத்து நடந்தால் உள்ளே எத்தனை பேர் என்று உடனே தெரியும். இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதே மென்பொருளில் 'ரிமார்க்ஸ்' என்று ஒரு கட்டம் இருக்கிறது.

2023-இல் நம் நாட்டில் நிறைவேறிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் பெயரிலேயே 'டிஜிட்டல்' இருக்கிறது. டிஜிட்டல் வடிவில் உள்ள தகவலுக்கும், காகிதத்தில் வாங்கிப் பிறகு கணினியில் ஏற்றியதற்கும்தான் அது பொருந்தும். மேஸ்திரியின் நோட்டும், சூப்பர்வைசரின் டைரியும் அதற்கு வெளியே. 1984-இல் பிரிட்டன் விட்ட அதே இடைவெளி. டிராய்ட்விச் கதையைப் படித்தவர்கள் இதைக் கவனித்திருக்க வேண்டும்.

ரிமார்க்ஸ் கட்டத்தை நான் முதலில் சரியாகப் பார்த்தது ஒரு அடுக்குமாடி வேலையில். லேபர் கான்ட்ராக்டர் ஒருவர் எக்செல் பட்டியல் அனுப்பியிருந்தார். நூற்றுக்கு மேல் பெயர். ஏழெட்டுப் பெயருக்கு நேராக மட்டும் மஞ்சள் அடித்து 'வேண்டாம்' என்று இருந்தது. காரணம் இல்லை. பாஸ் போடுவதுதான் என் வேலை, மஞ்சளுக்குப் போடவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்குக் கம்பி கட்டும் பெரியவர் ஒருவர் ஜன்னலில் வந்து நின்றார். கையில் சாப்பாட்டுத் தூக்கு, தோளில் கம்பி முறுக்கும் கொக்கி தொங்கும் பை.

"தம்பி, என் செட்டுல எல்லாருக்கும் பாஸ் வந்துருச்சு. எனக்கு மட்டும் வரலையாமே?"

"கான்ட்ராக்டர் குடுத்த லிஸ்ட்ல உங்க பேரு இல்லண்ணே."

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "லிஸ்ட்ல இல்லையா? இல்ல, லிஸ்ட்ல இருக்கறதாலதான் பாஸ் இல்லையா?"

நான் பதில் சொல்லவில்லை. விசாரித்ததில் தெரிந்தது இவ்வளவுதான்: முந்தைய சைட்டில், சாரத்தில் நடைபலகை போடாமல் ஏற மாட்டேன் என்று அரை நாள் வேலையை நிறுத்தியிருக்கிறார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் இறங்கிவிட்டார்கள். மத்தியானம் பலகை வந்தது, வேலையும் நடந்தது. பலகை வந்த விவரம் எங்கும் பதிவாகவில்லை. மஞ்சள் நிறம் மட்டும் அவருக்கு முன்னால் எங்கள் சைட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

முதலாளி தரப்பிலும் நியாயம் இருக்கிறது என்று நண்பர்கள் சொல்வார்கள். குடித்துவிட்டுப் பத்தாவது மாடியில் ஏறுபவரை, கம்பித் துண்டுகளை மூட்டை கட்டி வெளியே அனுப்புபவரைத் தெரிந்துகொள்ள வேண்டாமா? வேண்டும். பிரிட்டன் நிறுவனங்களும் திருட்டைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்று சொல்லிப் பார்த்தன. ஆனால் குடித்துவிட்டு வந்தார் என்றால் அதற்கு ஒரு தேதி இருக்கும், பார்த்த ஆள் இருப்பார், அன்றே கூப்பிட்டு எச்சரித்த கடிதம் இருக்கும், அதில் அவர் கைநாட்டோ கையெழுத்தோ இருக்கும். அதை எழுதி வையுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாத எதையும் அவர் பெயருக்கு நேராக எழுதக் கூடாது என்பதுதான் நான் எனக்கு வைத்துக்கொண்ட கணக்கு. அப்புறம் நான் பொறுப்பில் இருந்த வரை எங்கள் பட்டியலில் ரிமார்க்ஸ் கட்டத்தை மறைத்து வைத்தேன். பாதுகாப்புப் புகாருக்குத் தனி நோட்டுப் போட்டேன். அதில் புகார் சொன்னவர் பெயருக்குப் பதில் இடத்தின் பெயர்தான் இருக்கும்: நாலாவது மாடி, வடக்குப் பக்கம், பலகை இல்லை. மறைத்த கட்டத்தை யார் வேண்டுமானாலும் இரண்டு கிளிக்கில் திறக்கலாம் என்பது எனக்கும் தெரியும்.

கம்பி கட்டும் பெரியவருக்கு மூன்று நாள் கழித்து பாஸ் போட்டுக் கொடுத்தேன். கான்ட்ராக்டர் முறைத்தார். பெரியவர் எட்டு மாதம் வேலை பார்த்தார். கடைசி ஸ்லாப் முடிந்ததும் செட்டோடு வேறு இடத்துக்குப் போனார். இரண்டு வாரம் இருக்கும், தெரியாத எண்ணிலிருந்து போன். வேறொரு சைட்டின் டைம் ஆபீஸ். அவர் பெயரைச் சொல்லி, உங்களிடம் இருந்தாராமே என்று கேட்டார்கள்.

"ஆமா. நல்ல வேலைக்காரர். எட்டு மாசத்துல ஒரு நாள்கூட லேட்டா வந்ததில்ல. டிராயிங் பாத்து கம்பி வெட்டுவாரு," என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்சம் சிரிப்பு. "அது தெரியும் சார். ஆள் எப்படி?"